மூன்று கட்டடங்கள், ஒரு துருவம்: அமுண்ட்சென்–ஸ்காட் நிலையத்தின் எழுபது ஆண்டுகள்

விழா மலருக்கு நிறுவன வரலாறு எழுதுகிறவர்கள் அடிக்கல் நாட்டு விழாவிலிருந்து தொடங்குவது வழக்கம். தென்துருவத்தில் அதற்கு வழியில்லை. நாட்டக் கல் கிடையாது. நாட்டினாலும் நிலைத்து நிற்கத் தரை கிடையாது. பாறையைத் தொட ஏறத்தாழ 2,800 மீட்டர் பனிக்கட்டியைத் துளைத்து இறங்க வேண்டும். அந்தப் பனிக்கட்டியும் ஆண்டுக்குப் பத்து மீட்டர் வீதம் வெடல் கடல் பக்கமாக நகர்ந்துகொண்டிருக்கிறது. நிலையமும் அதில் பயணிதான். அதனால் ஒவ்வொரு ஜனவரி முதல் தேதியும் துருவம் எங்கே இருக்கிறது என்று மறுபடி குறித்து, புதிதாக ஓர் அடையாளக் கம்பம் நடுகிறார்கள். கம்பத்தின் தலைப்பகுதியை முந்தைய குளிர்காலத்தை அங்கேயே கழித்த குழுவினர் வடிவமைத்து, நிலையத்தின் பட்டறையிலேயே கடைந்து வைத்திருப்பார்கள். 2026 நவம்பரோடு மனிதர் தொடர்ந்து வசிக்கத் தொடங்கி எழுபது ஆண்டு நிறையும் இந்த நிலையத்துக்கு அந்தக் கம்பங்கள்தாம் ஆண்டறிக்கை.

ரோல்டு அமுண்ட்சென் 1911 டிசம்பர் 14 அன்றும், ராபர்ட் ஸ்காட் 1912 ஜனவரி 17 அன்றும் துருவத்தை அடைந்தார்கள். ஸ்காட்டும் தோழர்களும் திரும்பும் வழியில் மாண்டுபோனார்கள். அதற்குப் பிறகு 44 ஆண்டுகள் அங்கே யாரும் கால் வைக்கவில்லை. 1956 அக்டோபர் 31 அன்று அமெரிக்கக் கடற்படையின் ‘கே செரா செரா’ என்ற விமானம் அட்மிரல் ஜார்ஜ் டுஃபெக் உள்ளிட்ட ஏழு பேருடன் இறங்கியது. வெப்பநிலை −50 டிகிரி செல்சியஸ். 49 நிமிடம் நின்றதற்குள் விமானத்தின் சறுக்குச் சட்டங்கள் பனியோடு ஒட்டிக்கொண்டன. பக்கவாட்டில் பொருத்தியிருந்த ராக்கெட்டுகளைக் கொளுத்தித்தான் மேலே கிளம்ப முடிந்தது. மூன்று வாரம் கழித்துக் கடற்படையின் கட்டுமானப் படையினர் வந்து இறங்கினார்கள். பலகை, எண்ணெய்ப் பீப்பாய், உணவு எல்லாம் பெரிய சரக்கு விமானங்களிலிருந்து பாராசூட்டில் விழுந்தன. விழுந்ததைத் தோண்டி எடுத்துப் பூட்டியதுதான் முதல் கட்டடம்.

காரணம் சர்வதேசப் புவி இயற்பியல் ஆண்டு. 1957 ஜூலை முதல் 1958 டிசம்பர் வரை உலகநாடுகள் சேர்ந்து பூமியை அளந்த காலம் அது. முதல் குளிர்காலத்தை அங்கே கழித்தவர்கள் 18 ஆண்கள், பிராவோ என்ற ஒரு நாய். விஞ்ஞானிகளுக்கு பால் சைப்பிள் தலைவர். கடற்படையினருக்கு ஜான் டக். சைப்பிள் சாரணச் சிறுவனாக இருந்தபோதே ரிச்சர்ட் பேர்டின் பயணத்தில் அண்டார்க்டிகா பார்த்தவர்; காற்று வீசும்போது குளிர் கூடுதலாக உறைப்பதைக் கணக்கிட்டுச் சொன்னவர்களுள் ஒருவர். 1957 செப்டம்பரில் வெப்பமானி −74.5 காட்டியது. ஒரே முகாமில் இரு தலைவர்கள் என்ற ஏற்பாடு எங்கும் சிக்கல்தான். ஆனால் அந்தக் குளிர்காலம் ஓர் உயிர்ச்சேதமும் இல்லாமல் முடிந்தது. முதல் ஆண்டில் இந்த நிறுவனம் சாதித்தவற்றுள் பெரியது அதுதான் என்று நான் வைப்பேன்.

ஓராண்டுக்கென்று கட்டியது பதினெட்டு ஆண்டு உழைத்தது. துருவத்தில் விழும் பனி மிகக் குறைவு; ஆனால் விழுந்தது உருகாது. காற்று அடித்துக்கொண்டு வருவதும் கட்டடத்தின் ஓரத்தில் தங்கிவிடும். 1970களில் முதல் நிலையம் முழுக்கப் பனிக்கு அடியில் போய், உத்திரங்கள் நெரிந்து விரிசல் விட்டுக்கொண்டிருந்தது. 1975 ஜனவரியில் இரண்டாவது நிலையம் திறக்கப்பட்டது. 50 மீட்டர் அகலமும் 16 மீட்டர் உயரமுமான அலுமினியக் குவிமாடம், அதற்குள் தனித்தனிக் கட்டடங்கள். குவிமாடம் காற்றைத் தடுத்தது, குளிரைத் தடுக்கவில்லை. சாப்பாட்டுக் கூடத்திலிருந்து படுக்கைக்குப் போக −50இல் நடக்க வேண்டும். அதையும் பனி மெல்ல மூடியது. மூன்றாவது நிலையம் 2008 ஜனவரி 12 அன்று திறப்பு விழா கண்டது. தூண்கள் மேல் நிற்கும் இந்தக் கட்டடத்தின் காற்றெதிர்ப் பக்கம் விமானச் சிறகு போல் வளைந்தது. அடியில் புகும் காற்று வேகமெடுத்துப் பனியை வாரிக்கொண்டு போகும். அதையும் மீறிப் பனி ஏறினால் ஜாக்கி வைத்துக் கட்டடத்தையே உயர்த்தலாம். குவிமாடத்தை 2009–10இல் கழற்றி எடுத்துக் கப்பலேற்றிவிட்டார்கள்.

வானியல் இங்கே கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது. முதல் இருபது ஆண்டு வானிலை, துருவ ஒளி, அண்டக்கதிர் எண்ணிக்கை, காற்றிலுள்ள கரியமில வாயு என்றே போயிற்று. கரியமில வாயு அளவீடு 1957 முதல் நடந்துவருகிறது. உலகத்துக்கு இந்த நிலையம் தந்தவற்றுள் அது சிறியதன்று. வானியலுக்குக் கதவு திறந்தவர் மார்ட்டின் பொமரான்ட்ஸ். அண்டக்கதிர் ஆய்வுக்காக வந்தவர், கோடையில் சூரியன் மறையாமல் ஒரே உயரத்தில் அடிவானத்தைச் சுற்றிவருவதைப் பயன்படுத்த நினைத்தார். பிரான்சின் எரிக் ஃபோஸா, ஜெரார்ட் கிரெக் ஆகியோருடன் 1979–80 கோடையில் சிறிய தொலைநோக்கி ஒன்றை வைத்து, சூரியனை இடைவிடாமல் 120 மணி நேரம் பார்த்தார். சூரியனின் உடல் சில நிமிடங்களுக்கு ஒருமுறை விம்மி அடங்குவது முன்பே தெரியும். மற்ற இடங்களில் தினமும் சூரியன் மறைவதால் அந்த அதிர்வுக் கணக்கு அறுந்து அறுந்து கிடைக்கும். துருவத்தில் அறுபடாமல் கிடைத்தது. அதைக் கொண்டு அதிர்வுகளைத் தனித்தனியே பிரித்து, சூரியனின் உள்ளே எட்டிப் பார்க்க முடிந்தது. பொமரான்ட்ஸின் பெயரில் 1995இல் ஓர் ஆய்வகமும் எழுந்தது.

துருவம் எதற்கு நல்லது, எதற்கு ஆகாது என்று பிரித்துப் பார்க்கவும் பல ஆண்டுகள் பிடித்தன. ஆறு மாத இரவு, ஊர் விளக்கு இல்லை என்றவுடன் விண்மீன்களைப் படம்பிடிக்க இதைவிட நல்ல இடம் உண்டா என்று தோன்றும். அது சரியில்லை. தரைக்கு மேல் இருநூறு முந்நூறு மீட்டர் வரை காற்று அடுக்கு கலங்கியே இருக்கிறது. விண்மீன் உருவம் துல்லியமாக விழாது. இதை அளந்து காட்டியவர்களுள் முக்கியமானவர் ஆஸ்திரேலியாவின் ராட்னி மார்க்ஸ். 2000ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் ஒரு சப்மில்லிமீட்டர் தொலைநோக்கியைப் பார்த்துக்கொள்ளத் தங்கியிருந்தவர், மே 12 அன்று நோயுற்று இறந்தார். மெத்தனால் நஞ்சு என்று பின்னர் தெரிந்தது. அது எப்படி உடலில் சேர்ந்தது என்பது விசாரணையிலும் தீரவில்லை. அக்டோபர் இறுதி வரை விமானம் இல்லாததால் அவர் உடல் அங்கேயே காத்திருந்தது. மலர்களில் இப்படிப்பட்ட பக்கங்களைத் தவிர்ப்பது மரபு. இந்த நிறுவனத்துக்கு அது பொருந்தாது.

துருவம் நல்லது வேறொன்றுக்கு. வெப்பமண்டலக் கடற்கரை நகரம் ஒன்றின் தலைக்கு மேலுள்ள நீராவி முழுவதையும் நீராக்கினால் நாற்பது ஐம்பது மில்லிமீட்டர் தேறும். துருவக் குளிர்காலத்தில் அது கால் மில்லிமீட்டர் அளவுக்கு இறங்கிவிடும். மில்லிமீட்டர் அலைகளை விழுங்குவது நீராவிதான். ஆகவே, பெருவெடிப்புக்கு ஏறத்தாழ 3,80,000 ஆண்டுக்குப் பின் கிளம்பி இன்றும் வானமெங்கும் பரவிக் கிடக்கும் ஆதி ஒளியைத் தரையிலிருந்தே பார்க்க இது அரிய இடம். இங்கே ஒரு முரணும் உண்டு: வெளியே −70 என்றாலும் கருவிக்கு அது உலைச்சூடு. அந்த ஒளியைப் பார்த்த பிக்கெப் 2 தொலைநோக்கியின் உணரிகளைக் கால் கெல்வினுக்குக் கொண்டுபோக, கப்பலும் விமானமும் மாறி வந்த திரவ ஹீலியத்தைக் குளிர்காலம் முழுவதும் கணக்குப் பார்த்துச் செலவழித்தார்கள். குளிர் உதவுவது காற்றை உலர்த்தித் தருவதில்தான்.

2002இல் முதல் பெரிய அறுவடை. டாசி என்ற பதின்மூன்று உணர்கொம்புகள் கொண்ட கருவி, ஆதி ஒளி முனைவாக்கம் பெற்றிருக்கிறது, அதாவது அதன் அலைகள் குறிப்பிட்ட திசையில் சற்றுக் கூடுதலாக அதிர்கின்றன என்பதைக் கண்டுபிடித்தது. கோட்பாடு சொல்லிவந்தது, யாரும் அதுவரை பார்த்ததில்லை. ஜான் கார்ல்ஸ்ட்ராம் தலைமையிலான அந்தக் குழுவில் ஆராய்ச்சி மாணவராக இருந்த ஜான் கோவாக், பிறகு பிக்கெப் 2 குழுவை நடத்தினார். அந்தக் குழு 2014 மார்ச் 17 அன்று பேரண்டம் பிறந்த கணத்தின் ஈர்ப்பலைத் தடத்தை முனைவாக்கத்தில் கண்டதாக அறிவித்தது. உலகப் பத்திரிகைகள் முதல் பக்கத்தில் போட்டன. அடுத்த சில மாதங்களிலேயே சந்தேகம் எழுந்தது. 2015 ஜனவரி இறுதியில், ஐரோப்பாவின் பிளாங்க் விண்கலக் குழுவோடு சேர்ந்து செய்த ஆய்வில், கண்ட குறியீட்டின் பெரும்பகுதி நம் பால்வீதியின் தூசி என்று தெரிந்தது. கருவி பார்த்தது பிழையில்லை. அதற்குச் சொன்ன பொருள்தான் அவசரம். அதே குழு தூசியைக் கழிக்கக் கூடுதல் அலைவரிசைகளில் கருவிகளை வைத்து, 2021இல் அந்தத் தடம் இருந்தால் இந்த அளவுக்குள்தான் இருக்க முடியும் என்று மிக இறுக்கமான எல்லை போட்டது. பேரண்டம் பிறந்த கணத்தில் அதிவேகமாக விரிந்தது என்னும் பெருவிரிவுக் கோட்பாட்டின் பல எளிய வடிவங்கள் அதில் அடிபட்டுப்போயின. 2014இன் கைத்தட்டலைவிட 2021இன் எல்லைக்கோட்டையே இந்த நிலையத்தின் நல்ல வேலையாக எண்ணுகிறேன்.

பிக்கெப் 2 இருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே 10 மீட்டர் விட்டமுள்ள தென்துருவத் தொலைநோக்கி நிற்கிறது. 2007 பிப்ரவரி 16 அன்று முதல் ஒளி பெற்றது. தொலைவிலுள்ள விண்மீன் மண்டலக் கொத்துகள் ஆதி ஒளியின் மேல் விழுத்தும் மங்கலான நிழலைக் கொண்டு நூற்றுக்கணக்கான கொத்துகளைப் பட்டியலிட்டது. 2017 ஏப்ரலில், கருந்துளையைப் படம்பிடிக்க உலகெங்கும் உள்ள ரேடியோ தொலைநோக்கிகள் ஒரே நேரத்தில் திரும்பியபோது இதுவும் சேர்ந்துகொண்டது. மற்ற நிலையங்களின் வன்தட்டுகள் சில வாரங்களில் போய்ச் சேர்ந்தன. துருவத்தில் பிப்ரவரியிலேயே விமானம் நின்றுவிட்டது. வன்தட்டுகள் வசந்தம் வரை பெட்டியில் கிடந்து, டிசம்பர் நடுவில்தான் அமெரிக்கா போய்ச் சேர்ந்தன. அதற்குப் பிறகே முழுக் கணக்கு. 2019இல் வெளியான முதல் படத்துக்குரிய எம்87 மண்டலம் வடக்கு வானத்தில் இருப்பதால் துருவத்துக்குத் தெரியாது. ஒப்பீட்டுக்கான வேறொரு மூலத்தைப் பார்த்துத்தான் இது உதவியது. 2022 மே மாதம் வெளியான நம் பால்வீதி மையக் கருந்துளைப் படத்தில் நேரடிப் பங்கு உண்டு. அந்த மையம் துருவ வானில் எப்போதும் ஒரே உயரத்தில், மறையாமல் நிற்கிறது.

இந்தத் தொலைநோக்கிகள் இருக்கும் பகுதிக்கு ‘இருள் பகுதி’ என்று பெயர். முதன்மைக் கட்டடத்திலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். விளக்கு மட்டுமன்றி ரேடியோ ஒலிபரப்புக்கும் அங்கே தடை. குளிர்காலத்தில் துருவ ஒளிக் கேமராக்களுக்காக முதன்மைக் கட்டடச் சன்னல்களையும் அட்டை வைத்து மூடிவிடுவார்கள். தொலைநோக்கியைப் பார்த்துக்கொள்கிறவர் நாள்தோறும் அந்த ஒரு கிலோமீட்டரை இருட்டில், மூங்கில் குச்சியில் கட்டிய கொடி வரிசையைப் பிடித்தபடி நடப்பார். கண்ணாடியில் மூச்சு உறையும். பனிப்புயலில் அடுத்த கொடி தெரியாது.

அதே இருள் பகுதியில் தரைக்கு மேல் பெரிதாக எதுவும் தெரியாத ஒரு தொலைநோக்கியும் இருக்கிறது. ஐஸ்கியூப் பார்ப்பது ஒளியை அன்று, நியூட்ரினோக்களை. எதனோடும் உரசாமல் பூமியையே ஊடுருவிப் போகும் இந்தத் துகள்களில் எப்போதாவது ஒன்று பனிக்கட்டியின் அணுவில் மோதினால், கிளம்பும் துகள் நீலநிறச் செரன்கோவ் ஒளியைச் சிந்தும். அதைப் பிடிக்கத் தெளிந்த, இருண்ட, மிகப் பெரிய பொருள் வேண்டும். பனிக்கட்டியே போதும் என்றார் பிரான்சிஸ் ஹால்சென். முன்னோடியான அமாண்டா முதலில் சறுக்கியது. 1993–94இல் 800 முதல் 1,000 மீட்டர் ஆழத்தில் இறக்கிய உணரிகள், அங்கே இன்னும் காற்றுக்குமிழிகள் இருப்பதையும் ஒளி சிதறிவிடுவதையும் காட்டின. இன்னும் ஆழத்தில் அழுத்தம் குமிழிகளை நசுக்கிப் படிகத்துக்குள் அடைத்துவிடுகிறது. பனிக்கட்டி கண்ணாடியாகத் தெளிகிறது. அந்தப் பாடத்தின்படி ஐஸ்கியூப் 1,450 முதல் 2,450 மீட்டர் வரையிலான ஆழத்தைத் தேர்ந்தது.

கட்டிய விதத்தைச் சொல்லியாக வேண்டும். துளையிட்டது இரும்பு அலகு கொண்ட எந்திரமன்று, கொதிநீர்ப் பீச்சு. 60 சென்டிமீட்டர் அகலத்தில் இரண்டரை கிலோமீட்டர் ஆழம் உருக்க ஏறக்குறைய இரண்டு நாள். உடனே, உணரி அடைத்த அறுபது கண்ணாடிக் கோளங்கள் கோத்த வடத்தை இறக்க வேண்டும். இல்லாவிட்டால் துளை உறைந்து மூடிக்கொள்ளும். மூடிய பிறகு எந்தக் கோளத்தையும் பழுதுபார்க்க எடுக்க முடியாது. 2004–05இல் தொடங்கிய முதல் பருவத்தில் ஒரே ஒரு வடம்தான் இறங்கியது. ஏழு கோடைகளில் 86 வடம், 5,160 உணரி என்று கணக்கு முடிந்த நாள் 2010 டிசம்பர் 18. அவற்றில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுக்கு மேல் வேலை செய்கின்றன. வளிமண்டலத்திலிருந்து வரும் மியூவான் என்னும் துகள்கள் நொடிக்கு ஏறக்குறைய மூவாயிரம் பதிவாகும். அந்த இரைச்சலில் ஆண்டுக்குச் சிலவே வேண்டியவை. 2013இல், நம் சூரியக் குடும்பத்துக்கு வெளியிலிருந்து வந்த உயர் ஆற்றல் நியூட்ரினோக்களுக்குச் சான்று கிடைத்தது. 2017 செப்டம்பர் 22 அன்று பதிவான ஒன்று, டிஎக்ஸ்எஸ் 0506+056 என்ற தொலைவான மண்டலத்தின் மையக் கருந்துளையைக் கைகாட்டியது. 2022இல் என்ஜிசி 1068 என்ற மண்டலத்திலிருந்து வந்தவை என்று 79 நியூட்ரினோக்களை எண்ணினார்கள். 2023இல் நம் பால்வீதியே நியூட்ரினோவில் தெரிந்தது.

கட்டுரைகளின் ஆசிரியர் பட்டியலில் நூற்றுக்கணக்கான பெயர்கள் இருக்கும். பிப்ரவரி நடுவிலிருந்து அக்டோபர் இறுதி வரை அங்கே இருப்பவர்களோ நாற்பது ஐம்பது பேர். அவர்களில் விஞ்ஞானக் கருவிகளோடு தங்குவோர் கொஞ்சம் பேர்தாம், ஐஸ்கியூப்புக்கு இருவர். மற்றவர்கள் மின் உற்பத்தி நிலைய மெக்கானிக், பிளம்பர், சமையல்காரர், மருத்துவர், தச்சர், சரக்குக் கணக்காளர். இந்த நிறுவனத்தின் வரலாறு சரியாக எழுதப்பட வேண்டுமானால் இவர்களிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் கட்சி. மின் நிலையம் நின்றால் சில மணி நேரத்தில் தொலைநோக்கியும் மனிதரும் ஒன்றாக உறைந்துபோவார்கள்.

தண்ணீர் வருவது பனிக்கட்டிக்குள் உருக்கிய கிணற்றிலிருந்து. ஜெனரேட்டரின் கழிவுச் சூட்டால் நீரைச் சூடாக்கித் திருப்பி அனுப்பி, கிணற்றை இன்னும் ஆழமாக உருக்குவார்கள். குடிக்கும் நீர் பல நூற்றாண்டுகளுக்கு முன் விழுந்த பனி. உருக்க எண்ணெய் செலவு என்பதால் குளியல் வாரத்துக்கு இரண்டு முறை, முறைக்கு இரண்டு நிமிடம். எண்ணெய் வருவது 1,350 கிலோமீட்டர் தொலைவில் கடற்கரையிலுள்ள மக்மர்டோ நிலையத்திலிருந்து. சறுக்குச் சட்டம் பூட்டிய ஹெர்குலிஸ் விமானத்திலோ டிராக்டர் அணியிலோ வர வேண்டும். கீரையும் தக்காளியும் மண்ணில்லாத் தோட்டத்தில் விளக்கொளியில் வளரும். மற்றதெல்லாம் உறைந்த சாப்பாடு. கடிகாரம் நியூசிலாந்து நேரம், சரக்கு வரும் வழி அது என்பதால். எந்தப் பக்கம் நடந்தாலும் வடக்கு.

கடைசி விமானம் போன இரவு ‘தி திங்’ என்ற பழைய திகில் படத்தைப் போட்டுப் பார்ப்பது நெடுநாள் வழக்கம். அண்டார்க்டிகா நிலையம் ஒன்றில் ஏறக்குறைய எல்லாரும் ஒவ்வொருவராகச் சாகும் கதை. ஜூன் 21 அன்று நடுக்குளிர் விருந்து. வெளியே −100 ஃபாரன்ஹீட்டுக்கு இறங்கும் நாளில், 200 ஃபாரன்ஹீட் சூடேற்றிய நீராவி அறையிலிருந்து காலணி மட்டும் போட்டுக்கொண்டு துருவக் கம்பம் வரை ஓடித் திரும்புகிறவர்களுக்கு ‘முந்நூறு சங்க’ உறுப்பினர் பதவி. மனித மூளை ஆறு மாத இருட்டில் என்னவெல்லாம் யோசிக்கும் என்பதற்கு இதற்கு மேல் ஆதாரம் வேண்டாம்.

பெண்கள் இங்கே கால் வைத்தது 1969 நவம்பரில். ‘முதல் பெண்’ என்ற சச்சரவு வராமலிருக்க ஆறு பேர் கைகோத்து ஒன்றாக விமானத்திலிருந்து இறங்கினார்கள். குளிர்காலம் தங்க இன்னும் பத்து ஆண்டு ஆயிற்று. 1999 குளிர்காலத்தின் ஒரே மருத்துவர் ஜெர்ரி நீல்சன், தன் மார்பில் கட்டி இருப்பதைக் கண்டு, மருத்துவம் படிக்காத சக ஊழியர்களின் உதவியோடு தானே திசு எடுத்துச் சோதித்தார். ஜூலை இருட்டில் விமானம் மருந்தைப் பாராசூட்டில் போட்டது. நிலையத்தார் பீப்பாய்களில் தீ மூட்டி இடம் காட்டினார்கள். அக்டோபர் 16 அன்றுதான் அவரை வெளியே கொண்டுபோக முடிந்தது.

மூன்றாவது கட்டடத்துக்கும் வயதாகிறது. 2024 மே மாதம், ஆதி ஒளியை ஆராய அடுத்த தலைமுறையாகத் திட்டமிட்ட சிஎம்பி–எஸ்4 தொலைநோக்கிகளைத் துருவத்தில் நிறுவும் திட்டத்தை, நிலையத்தை நடத்தும் அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை மேற்கொண்டு கொண்டுசெல்ல மறுத்தது. நிலையத்தின் அடிப்படை வசதிகளைப் புதுப்பிப்பதே முதல் வேலை என்றது. உலகமெங்கும் உள்ள ஆய்வாளர்கள் பத்தாண்டுக்கு மேல் தயார்செய்த திட்டம் அது, வருத்தம் நியாயமானது. ஆனால் கோடையில் 150 பேர் தங்கும் இடத்தில் தச்சருக்கும் விஞ்ஞானிக்கும் ஒரே படுக்கைக் கணக்குதான். ஐஸ்கியூப்பின் நடுவே நெருக்கமாகப் புதிய வடங்கள் சேர்க்கும் வேலைக்காக, பல ஆண்டு பெட்டியில் கிடந்த கொதிநீர்த் துளைப்பானைப் பழுதுபார்த்து மறுபடி ஓட்டத் தொடங்கினார்கள். அதற்கும் முதலில் கேட்ட கேள்வி, எத்தனை பீப்பாய் எண்ணெய், எத்தனை படுக்கை என்பதுதான்.